ஸ்டார் ட்ரெக்: 1966 தொடரிலிருந்தே பார்க்க வேண்டுமா, நடுவில் நுழையலாமா?

கரையோரன் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நானும் ஆறாவது படிக்கும் என் மகளும் இரவுச் சாப்பாடு முடிந்ததும் சேர்ந்து உட்கார்ந்து ஏதாவது ஒன்று பார்ப்பது வழக்கம். இந்த விடுமுறைக்கு அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக் என்று முடிவு செய்தோம். அவளுக்கு வானத்தின் மேல் அப்படி ஓர் ஆசை, மொட்டை மாடிக்கு இழுத்துக்கொண்டு போய் வியாழன் எது என்று காட்டச் சொல்வாள். எனக்கு ஸ்டார் ட்ரெக் பெயர் மட்டும்தான் தெரியும்.

1966 தொடரை ஒளிபரப்பான வரிசையிலேயே தொடங்கி மூன்று எபிசோட் பார்த்துவிட்டோம். முதலாவதில் மனித உடம்பிலிருந்து உப்பை உறிஞ்சும் ஒரு பிராணி ஆள் மாற்றி ஆள் உருவம் எடுத்து வருகிறது, கடைசியில் சுட்டுக் கொல்கிறார்கள். இரண்டாவதில் நினைத்ததை எல்லாம் நடத்திவிடும் சக்தி உள்ள பதினேழு வயதுப் பையன் ஒருவன், அவனை வேற்றுலகவாசிகள் வந்து, அவன் கெஞ்சக் கெஞ்சக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். மூன்றாவதில் கேப்டனின் நெருங்கிய நண்பனுக்கே அதுபோல ஒரு சக்தி வந்துவிட, கேப்டனே அவனைக் கொல்ல வேண்டியதாகிறது. செட் எல்லாம் அட்டை போலத் தெரிகிறது, சரி, அறுபது வருடத்துப் பழசு, அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மூன்றாவது முடிந்ததும் மகள் கேட்டாள்: "புதுசா எதைப் பார்த்தாலும் கொல்லத்தான் போறாங்கன்னா, அவ்வளவு தூரம் எதுக்குப்பா போறாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. தொடர்ந்து பார்த்தால் பதில் கிடைக்குமா, இல்லை பின்னால் வந்த வேறு தொடருக்குத் தாவிவிடலாமா? இன்னொரு சந்தேகம், மூன்றாவது எபிசோடில் டாக்டர் வேறு ஆளாக இருக்கிறார், சட்டைகளும் வேறு மாதிரி இருக்கின்றன. நாங்கள் வரிசை தவறிப் பார்த்துவிட்டோமா?

வடக்குவாசல்

சகோ, நேராக 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்குப் போய்விடுங்கள். 1987 முதல் 1994 வரை வந்தது, ஏழு சீசன், 178 எபிசோட். பெரும்பாலும் தனித்தனிக் கதைகள், அதனால் முன்கதை தெரியாமலே பார்க்கலாம். ஆனால் அதையும் முதலிலிருந்து தொடங்காதீர்கள். முதல் இரண்டு சீசனும் தடுமாற்றம்தான், நடுவில் 1988-இல் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வேறு. இரண்டாவது சீசனை 22 எபிசோடோடு முடித்தார்கள், அதிலும் கடைசி எபிசோட் பெரும்பாலும் பழைய காட்சிகளை ஒட்டித் தயாரித்தது. மைக்கேல் பில்லர் எழுத்துப் பொறுப்புக்கு வந்த மூன்றாவது சீசனிலிருந்துதான் தொடர் எழுந்து நின்றது. கேப்டன் பிக்கார்ட் எடுத்தவுடன் சுடுகிற ஆள் இல்லை, மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுவார். உங்கள் மகளுக்கு அவரைப் பிடிக்கும்.

மாலுமி_72

வடக்குவாசல் தம்பி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு 1966 தொடரிலேயே பதில் இருக்கிறது, பதில் இருக்கும் எபிசோடுகள் இவர்கள் கைக்கு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தவறு செய்யவில்லை, ஒளிபரப்பான வரிசையே குழப்பமானது. மூன்றாவதாகப் பார்த்தீர்களே, அது உண்மையில் 1965-இல் எடுத்த பைலட், அதாவது தொடரை வாங்கலாமா என்று என்பிசி டிவி நிறுவனம் பார்ப்பதற்காக எடுத்துக் காட்டிய மாதிரி எபிசோட். அதற்கு முன்பே ஒரு பைலட் எடுத்து, அது வேண்டாம் என்று திரும்பி வந்தது, இது இரண்டாவது முயற்சி. டாக்டர் மெக்காய் பாத்திரம் அப்போது உருவாகவே இல்லை, சட்டைகளும் பிறகுதான் மாறின. தொடர் உறுதியான பிறகு முதன்முதலில் படமாக்கியது 'தி கார்போமைட் மெனூவர்'. ஆனால் அதில் கிராபிக்ஸ் போன்ற வேலை அதிகம், முடிய நாளானது, அதனால் நவம்பரில் பத்தாவதாகத்தான் ஒளிபரப்பானது. 1966 செப்டம்பர் 8 அன்று முதலில் போட ஓர் எபிசோட் வேண்டும், கையில் இருந்தவற்றில் பயமுறுத்தும் பிராணி உள்ள கதையை எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஆக, இந்தத் தொடர் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள நினைத்ததோ அதைப் பார்க்காமல், டிவிக்காரர்கள் எதை முதலில் காட்ட விரும்பினார்களோ அதைத்தான் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள்.

'கார்போமைட்' பாருங்கள். தலையும் முகமும் நடுங்க வைக்கிற மாதிரி உள்ள ஒருவன், மலை போன்ற கப்பலில் வந்து வழியை மறித்து, "பத்து நிமிடம் தருகிறேன், சாமி கும்பிட்டுக்கொள்ளுங்கள்" என்கிறான். சண்டை போட்டு ஜெயிக்க வழியே இல்லை. கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான ஸ்பாக் சதுரங்கக் கணக்கில் யோசித்து, ஆட்டம் முடிந்தது என்கிறார். கேப்டன் கிர்க்குக்குச் சட்டென்று சீட்டாட்டம் ஞாபகம் வருகிறது, கையில் நல்ல சீட்டு இல்லாவிட்டாலும் இருப்பதுபோலக் காட்டுகிறார். ஆனால் அதுவல்ல முக்கியம். ஆபத்து நீங்கிய பிறகு அந்த எதிரியின் சிறிய கப்பல் பழுதாகி உதவி கேட்கிற மாதிரி ஒரு குரல் வருகிறது. மற்றவர்கள் ஓடிவிடலாம் என்று நினைக்கும்போது கிர்க் உதவி செய்யத் திரும்புகிறார். புது உயிர்களைத் தேடித் தொடர்பு கொள்வதுதானே நம் வேலை, இவ்வளவு நாள் பெரிய வார்த்தை பேசினோமே, அதற்கு அர்த்தம் உண்டு என்று காட்ட இதைவிட நல்ல நேரம் ஏது என்கிற மாதிரி சொல்வார். உள்ளே போனால் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்லப் போவதில்லை, உங்கள் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாருங்கள்.

அதற்கு அடுத்து, நடுவில் உள்ளதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், 1967 மார்ச்சில் வந்த 'தி டெவில் இன் தி டார்க்' எபிசோடுக்குப் போங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

ஒரு சுரங்கக் கிரகம். ஐம்பது பேருக்கு மேல் செத்துவிட்டார்கள், ஏதோ ஒரு பிராணி பாறைக்குள்ளிருந்து வந்து ஆளை அமிலத்தில் பொசுக்கிவிட்டுப் போகிறது. காப்பாற்றச் சொல்லி கிர்க்கின் எண்டர்பிரைஸ் கப்பலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தொடக்கத்தில் நாமும் சுரங்கக்காரர்கள் பக்கம்தான் இருப்போம். ஆனால் அங்கே மேசை மேல் அலங்காரத்துக்கு வைத்திருக்கும் ஓர் உருண்டைக் கல்லை ஸ்பாக் எடுத்து எடுத்துப் பார்க்கிறார், அந்தக் கற்கள் கீழே ஒரு தளத்தில் ஆயிரக்கணக்கில் கிடந்தன என்கிறார்கள். அந்தப் பிராணியின் உடம்பே நம்மைப் போலக் கார்பனால் ஆனது அல்ல, சிலிக்கனால் ஆனது. ஸ்பாக் அதன் மனத்தோடு தன் மனத்தை இணைத்து, அதன் வலியைத் தன் வாயால் சொல்கிறார். அப்போதுதான் தெரிகிறது, அது ஒரு தாய், உருண்டைக் கற்கள் அதன் முட்டைகள், சுரங்கக்காரர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளியிருக்கிறார்கள். ஐம்பதாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை அந்த இனம் முழுவதும் அழிந்து, ஒன்றே ஒன்று மட்டும் உயிரோடு இருந்து அத்தனை முட்டைகளையும் காக்குமாம். கையில் தடியோடு ஓடிவரும் கூட்டத்தை கிர்க் தடுத்து நிறுத்தும் இடம் இருக்கிறதே, துப்பாக்கியோடு வேட்டையாடப் போனவர் இப்போது அதன் முன்னால் நின்று மறிக்கிறார்.

அந்தப் பிராணி என்று நீங்கள் பார்க்கப் போவது யானோஸ் ப்ரொஹாஸ்கா என்ற ஸ்டண்ட் கலைஞர், தானே செய்த உருவத்துக்குள் புகுந்து தரையில் ஊர்ந்திருக்கிறார். அந்த உருவத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொடரின் எழுத்தாளர் ஜீன் கூன் இந்தக் கதையையே எழுதினார். படப்பிடிப்பு நடக்கும்போது கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னரின் அப்பா இறந்துபோன செய்தி வந்தது, உடன் நடித்தவர்கள் அன்றைக்குத் தன்னைத் தாங்கிக்கொண்டதால் தனக்கு மிகப் பிடித்த எபிசோட் இதுதான் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். நீங்கள் பார்த்த அந்த உப்புப் பிராணி, அதன் இனத்தில் கடைசி ஒன்று. அதைக் கொன்ற பிறகு கிர்க் மௌனமாக உட்கார்ந்திருப்பார், என்ன யோசனை என்று கேட்டால் காட்டெருமைகளை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பார். கோடிக்கணக்கில் மேய்ந்த அமெரிக்கக் காட்டெருமையைச் சுட்டுச் சுட்டுக் கிட்டத்தட்ட ஒழித்த கதையைத்தான் சொல்கிறார். ஆக உங்கள் மகள் கேட்ட கேள்வி முதல் எபிசோடிலேயே அவர்கள் மனத்திலும் உறுத்தியிருக்கிறது, ஆறு மாதம் கழித்து அதே கேள்விக்கு வேறு முடிவு எழுதினார்கள்.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலைகளில் ஸ்டார் ட்ரெக் போட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி, கறுப்பு வெள்ளை. பேசுவது பாதி புரியாது. அந்தத் தாய் அழுவது மட்டும் புரிந்தது.

நிலாமுற்றம்

மாலுமி ஐயா எழுதியது அருமை. பெண் குழந்தையோடு பார்ப்பதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது.

ஐயா சொன்ன அந்தத் திருப்பி அனுப்பிய முதல் பைலட்டில் கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி ஒரு பெண். மேஜல் பாரெட் நடித்தார். பதற்றமே இல்லாத, உணர்ச்சியை வெளியே காட்டாத, அறிவால் முடிவெடுக்கும் பாத்திரம். இரண்டாவது பைலட்டில் அந்தப் பாத்திரமே இல்லை, அந்தக் குணத்தை எடுத்து ஸ்பாக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண்கள் போட்டிருந்த பேன்ட் போய்க் குட்டைப் பாவாடை வந்தது. 1969 ஜூன் 3 அன்று வந்த கடைசி எபிசோடில், விண்கலக் கேப்டன்களின் உலகத்தில் பெண்களுக்கு இடமில்லை என்று ஒரு பெண் பாத்திரமே பேசுகிறது. அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு நான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தத் தொடரை அவ்வளவு நேசிப்பதால்தான் கோபம் வந்தது.

அதே தொடரில்தான் உஹுராவும் இருக்கிறார். கறுப்பினப் பெண், கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் தொடர்பு அதிகாரி, ஆண்டு 1966. அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் கறுப்பினப் பெண்ணுக்குப் பெரும்பாலும் வேலைக்காரி வேடம்தான் கிடைக்கும். உஹுராவாக நடித்த நிஷெல் நிக்கல்ஸ் முதல் சீசன் முடிந்ததும் விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார், நாடக மேடைக்குத் திரும்ப ஆசை. அந்த வாரம் ஒரு விழாவில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தபோது, அவர், நீங்கள் போகக் கூடாது, எங்களை நாங்கள் எப்படிப் பார்க்க விரும்புகிறோமோ அப்படி உலகம் உங்கள் மூலமாகத்தான் பார்க்கிறது என்று சொல்லித் தடுத்திருக்கிறார். நிக்கல்ஸ் தங்கிவிட்டார். பிறகு 1977-இல் நாசாவுக்காக ஊர் ஊராகப் போய், பெண்களும் கறுப்பினத்தவரும் விண்வெளி வீரராக விண்ணப்பிக்க வேண்டும் என்று பேசினார். சின்ன வயதில் உஹுராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் 1992-இல் விண்வெளிக்குப் போனார், அங்கே போன முதல் கறுப்பின அமெரிக்கப் பெண் அவர்தான், அடுத்த ஆண்டே 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' எபிசோட் ஒன்றில் சின்ன வேடத்தில் வந்தார்.

மகள் கொஞ்சம் பெரியவளானதும் 'வாயேஜர்' பாருங்கள் அண்ணா. 1995-இல் வந்தது. அதில் கேப்டன் ஒரு பெண், பெயர் ஜேன்வே. பெண்களுக்கு இடமில்லை என்ற அந்த வசனத்துக்கும் இவருக்கும் நடுவே 26 வருடம்.

கரையோரன்

இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்று இரவு 'கார்போமைட்', நாளை 'டெவில் இன் தி டார்க்'. அதற்குள் மகளிடமிருந்து இன்னொரு கேள்வி வந்துவிட்டது: வார்ப் ஆறு, வார்ப் ஏழு என்கிறார்களே, அது எவ்வளவு வேகம்?

தறியோசை

அந்த முதல் தொடரின் கணக்கு சுலபம், தங்கைக்கே போடத் தெரியும். வார்ப் எண்ணை மூன்று முறை பெருக்கினால் ஒளியைப் போல எத்தனை மடங்கு என்று வரும். வார்ப் ஆறு என்றால் 6×6×6, அதாவது ஒளியைப் போல 216 மடங்கு. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது, வார்ப் ஆறில் ஒரு வாரத்தில் போய்விடலாம். 1977-இல் ஏவிய நிஜமான வாயேஜர் 1 விண்கலம் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது, அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக எழுபதாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இரண்டையும் அவளையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் வந்த தொடர்களில் கணக்கை மாற்றி, வார்ப் பத்து என்றால் முடிவிலி, யாராலும் தொட முடியாது என்று வைத்துவிட்டார்கள்.

ஒளியை முந்துவது இயற்பியலில் முடியாதே என்று பள்ளியில் சொல்வார்கள், சரிதான். 1994-இல் மிகேல் அல்குபியர் என்ற மெக்ஸிகோ இயற்பியலாளர், கப்பல் இடத்திலேயே இருக்க, அதைச் சுற்றியுள்ள வெளியை முன்னால் சுருக்கிப் பின்னால் விரித்தால் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை மீறாமல் அப்படிப் போக முடியும் என்று கணக்கு எழுதிக் காட்டினார். அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும், அதை அவ்வளவு பெரிய அளவில் உண்டாக்க ஒரு வழியும் இன்றுவரை இல்லை.

ஆட்களை ஒளியாக்கி அனுப்பும் டிரான்ஸ்போர்ட்டர் வந்த காரணம் வேறு. வாராவாரம் கப்பல் ஒரு கிரகத்தில் இறங்குவதைப் படமாக்கக் காசு இல்லை. அதனால் ஆளை இங்கே மறைய வைத்து அங்கே தோன்ற வைத்தார்கள். கதைக்கும் அதுவே நல்லதாய் அமைந்தது, முதல் இரண்டு நிமிடத்தில் ஆள் கிரகத்தில் நிற்கிறான்.

வடக்குவாசல்

மாலுமி அண்ணா, 'டெவில் இன் தி டார்க்' விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதை நான் மறந்தே போனேன். ஆனால் அவளுடைய கேள்வி அங்கே முடியவில்லை, அதனால் நெக்ஸ்ட் ஜெனரேஷனிலிருந்து இரண்டே இரண்டு சொல்கிறேன்.

முதலாவது, இரண்டாவது சீசனில் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்', 1989. நான் ஒதுக்கச் சொன்ன சீசன்தான், இது மட்டும் விதிவிலக்கு. கப்பலில் டேட்டா என்று ஓர் இயந்திர மனிதன் அதிகாரியாக இருக்கிறான். அவனைப் பிரித்துப் பார்த்து அவனைப் போல ஆயிரம் செய்ய வேண்டும் என்று ஒரு விஞ்ஞானி வருகிறார். டேட்டா விண்படையின் சொத்தா, தன்னைப் பற்றித் தானே முடிவெடுக்கும் உரிமை உள்ளவனா என்று வழக்கு நடக்கிறது. டேட்டாவின் நண்பரான ரைக்கரையே அவனுக்கு எதிராக வாதாடச் சொல்லிவிடுகிறார்கள், அவர் சரியாக வாதாடாவிட்டால் வழக்கு அங்கேயே டேட்டாவுக்கு எதிராக முடிந்துவிடும். ரைக்கர் எழுந்து வந்து டேட்டாவின் முதுகில் உள்ள சுவிட்சை அணைக்கிறார். அதைச் செய்யும்போது அவர் முகத்தைப் பாருங்கள். பாறைக்குள் வாழும் தாயைப் புரிந்துகொண்டவர்கள் தாங்களே செய்த ஒன்றைப் புரிந்துகொள்வார்களா என்பதுதான் அங்கே கேள்வி.

இரண்டாவது 'டார்மோக்', 1991, ஐந்தாவது சீசன். இது மொழியைப் பற்றியது, அதனால் நமக்குக் கூடுதலாகப் பிடிக்கும். எந்த மொழியையும் பெயர்த்துத் தரும் கருவி கப்பலில் இருக்கிறது, அந்தக் கருவிக்கு ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, ஆனால் அந்த இனத்தார் பேசுவது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அவர்கள் முழுக்க முழுக்கத் தங்கள் கதைகளை வைத்தே பேசுகிறார்கள். 'டானாக்ராவில் டார்மோக்கும் ஜலாடும்' என்பார்கள். நாம் ஒருவரைப் பார்த்துக் கும்பகர்ணன் என்றால், ராமாயணம் தெரியாதவருக்கு அது யாரோ ஒருவர் பெயராக மட்டும்தான் கேட்கும், இல்லையா? ஒரு மொழி முழுவதுமே அப்படி இருந்தால் எப்படி இருக்கும்! அந்த அன்னியக் கேப்டன், பேசிப் புரியவைக்க முடியாததால், பிக்கார்டோடு தன்னையும் ஒரு கிரகத்தில் இறக்கிக்கொண்டு, இருவரும் சேர்ந்து ஒரு மிருகத்தை எதிர்க்கும் அந்தக் கதையை வாழ்ந்தே காட்டுகிறார். உயிரைப் பணயம் வைத்து ஒரு வாக்கியத்தைப் புரியவைக்கிறார். அவர் சாகும் இரவில் பிக்கார்ட் அவருக்கு, பழைய மெசபடோமியக் காவியமான கில்கமெஷ் கதையைச் சொல்கிறார். நான் ஐந்தாறு முறை பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அங்கே கண் கலங்கிவிடும்.

ஒரு நடைமுறைத் தகவல். 1966 தொடரையும் நெக்ஸ்ட் ஜெனரேஷனையும் மூல ஃபிலிமிலிருந்து புதுப்பித்துவிட்டார்கள், பெரிய டிவியில் பளிச்சென்று இருக்கும். பின்னால் வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' தொடர்கள் இரண்டும் வீடியோ டேப்பில் தொகுத்து முடித்தவை, அவற்றுக்கு அந்த வேலை இன்னும் நடக்கவில்லை, படம் மங்கலாகத் தெரிந்தால் டிவியைத் திட்டாதீர்கள்.

கரையோரன்

இரண்டையும் பார்த்துவிட்டோம்.

'கார்போமைட்' முடிவில் அவள் சிரித்த சிரிப்பில் பாட்டி எழுந்து வந்துவிட்டார். 'டெவில் இன் தி டார்க்' தொடங்கியபோது கொஞ்சம் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆட்கள் கருகிச் சாவது குழந்தைக்குக் கொஞ்சம் அதிகம்தான், அடுத்து பார்ப்பவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த உருண்டைக் கல்லை ஸ்பாக் கையில் எடுத்த உடனேயே "அப்பா, அது முட்டை" என்றாள். எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அதற்குப் பிறகு முழு எபிசோடும் திரையைப் பார்த்து "சுடாதீங்க, சுடாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முடிவில் சுரங்கக்காரர்களும் அந்தக் குஞ்சுகளும் ஒன்றாக வேலை செய்வதாக ஏற்பாடு ஆகிறதல்லவா, குஞ்சுகள் பாறையைக் குடைந்து வழி போடும், இவர்கள் பின்னால் போய்க் கனிமத்தை எடுத்துக்கொள்வார்கள், எல்லோருக்கும் லாபம். நான் மகிழ்ச்சியாக முடிந்துவிட்டது என்று எழுந்தேன். அவள் எழவில்லை. "அவங்க அந்த அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டாங்களா?" என்று கேட்டாள். கடைசிப் பத்து நிமிடத்தைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். 'டார்மோக்' நாளைக்கு.